கப்டன் டன்ஸ்பியும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் பிரிட்டிஷ் இராணுவத்தில் கப்டன் ஆனது ஒரு சனிக்கிழமை முற்பகலில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே.

இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரம். மேலே தடித்த சிவப்புக் கம்பளிக் கோட்டு. நெஞ்சில் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள், தோளில் மஞ்சள் குஞ்சம். மெல்பேர்னில் கோடை தொடங்கியிருந்தது. கோட்டிலிருந்து பூச்சி உருண்டை மணம் எழும்பிக்கொண்டிருந்தது. இவருடைய காதோரத்தில் வியர்வை வழிந்தது.

நான் பின்னால் நின்று, மிஞ்சிய துணியை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டுக்குள் இவரைப் போல ஒன்றரைப் பேர் நிற்கலாம்.

"அசையாதேங்கோ. குத்திப் போடும்."

"நான் அசையேல்ல ரீற்றா. மூச்சுத்தான் விடுறன்."

எங்கள் மகள் ஷரோன் படியில் இருந்து தொலைபேசியில் படம் பிடித்தாள். "அப்பா, யூ லுக் லைக் எ போஸ்ட் பொக்ஸ்" என்றாள்.

இவர் சிரிக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, நாடியை உயர்த்தி, அடுத்த வீட்டு வேலியைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் கப்டன் ஹென்றி டன்ஸ்பி. மாட்சிமை தங்கிய மகாராணியின் ரெசிமென்டைச் சேர்ந்தவன்."

"ரெ-ஜி-மென்ட், அப்பா."

"அதைத்தானே பிள்ளை சொன்னனான்."

படகில் வந்து இறங்கிய மன்னார்க்காரர் ஒருவருக்கு இந்தக் கோட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால், நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோழித் தொழிற்சாலையில் வேலை பார்த்ததைப் பற்றி நான் முன்பு எழுதிய கதையைப் படித்த ஒரு வாசகி, "அந்த நாட்களில் எங்கே குடியிருந்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

எந்தக் கப்டன்?

அந்த நாட்களில் எங்களுக்கு வீடு கிடைப்பது லேசாக இல்லை. விசாவைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

மல்கிரேவில் ஒரு பெரியவர் தன் வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள சின்ன வீட்டை வாடகைக்கு விடுகிறார் என்று மாதா கோவிலில் ஒருவர் சொன்னார். போனோம். பெயர் கொலின் டன்ஸ்பி. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மனைவி இறந்து சில வருடங்கள். அகன்ற தோள், பெரிய காது, அரைக் காற்சட்டை. கையில் தேநீர்க் கோப்பை.

கொலின் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் நினைவில் நிற்பதைத் தமிழில் தருகிறேன்.

"எந்த நாடு?"

"சிறிலங்கா" என்றார் இவர்.

"அங்கே எந்தப் பக்கம்?"

வழக்கமாக இந்தக் கேள்வி வராது. வந்தாலும் கொழும்பு என்று சொல்லித் தப்பிவிடுவோம். அன்று இவர் ஏதோ ஒரு நினைவில், "மன்னார்" என்றார்.

கொலின் கோப்பையைக் கீழே வைத்தார். "மன்னாரா? எங்கள் கப்டன் அங்கே இருந்தவர்!"

எங்கள் ஊர்ப் பெயரை ஒரு வெள்ளைக்காரர் வாயால் நாங்கள் கேட்டது அன்றுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "எந்தக் கப்டன்? கிரிக்கெட் கப்டனோ?"

வீடு கிடைத்துவிட்டது.

ஒரு மனிதன், நான்கு நாடு

கொலினுடைய பாட்டனுக்குப் பாட்டன் ஹென்றி டன்ஸ்பி. இங்கிலாந்தில் ஏதோவொரு மழை ஊரில், பாதிரியார் ஒருவருக்கு மூன்றாவது மகன். மூத்தவனுக்கு வீடு, இரண்டாமவனுக்குக் கோவில், மூன்றாமவனுக்குப் பட்டாளம். அது அவர்கள் வழக்கம். மீசை முளைக்கும் முன்பே கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள்.

காசு கொடுத்துப் பதவி வாங்கும் காலம் அது. டன்ஸ்பியிடம் காசு இல்லை. ஆகவே நல்ல பெயர் எடுத்துத்தான் உயர வேண்டும். கொழும்பில் காவல், கண்டி மலையில் காய்ச்சல், பிறகு மன்னார். மன்னாரிலிருந்து திரும்பும்போது கப்டன். அடுத்து தென்னாபிரிக்கா. அங்கே பெரிய சண்டை ஒன்றுக்கு அணிவகுத்துப் போகும் வழியில், ஒரு துப்பாக்கியும் வெடிக்கும் முன்பே, குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. அந்தச் சண்டையை அவர் மாட்டு வண்டியில் படுத்தபடி கேட்டார்.

அங்கிருந்து நியூசிலாந்து. சண்டை நடந்தது ஒரு பக்கம், அவர் மழைக்குள் சேற்றில் பாதை போட்டது இன்னொரு பக்கம். மேஜர் பதவி வரும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கடைசியில் மெல்பேர்ன். தங்கம் தோண்டிய காலத்தில், தங்கம் ஏற்றிய வண்டிகளுக்குக் காவலாக நொண்டிக் காலோடு குதிரையில் போய் வந்தார். பிறகு பட்டாளத்தை விட்டு, எங்கள் வீட்டுக்குக் கிட்டே ஓடும் ஓடைக்கரையில் நிலம் வாங்கி ஆப்பிள் நட்டார். அந்த நிலம் யாருடையது என்று அவர் கேட்டதாகக் கதையில் இல்லை. ஆப்பிள் மரங்கள் எல்லாம் பட்டுப்போயின. நாற்பது தாண்டி ஓர் அயர்லாந்துப் பெண்ணைக் கட்டினார். பிள்ளைகள் பிறந்தார்கள். நரைத்துப் போய், கப்டனாகவே செத்தார்.

இவ்வளவுதான் அவர் உத்தியோகம். சிலை வைக்கிற கதை இல்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது.

"பாவம் மனுசன். போற இடமெல்லாம் காத்துக்கொண்டெல்லோ இருந்திருக்கிறான்" என்பார். எங்கள் விசாவும் அப்போது வரும் வரும் என்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சொதி

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும்போது கொலின் எங்கள் குசினி வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். தேங்காய்ப்பால் சொதி வாசனை வந்ததால் வந்தேன் என்பார். நான் அப்போதுதான் கதவையே திறந்திருப்பேன்.

இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிடப் பழகிக்கொண்டார். மாசிக் கருவாட்டுச் சம்பலுக்கு மட்டும் பயம். சாப்பிட்டு முடிந்ததும் கப்டன் கதை தொடங்கும். என் வீட்டுக்காரர் குளிர்க் களஞ்சியத்தில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். கிழமை முழுக்கக் குளிரும் இரைச்சலும். ஞாயிறு பின்னேரம் வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு தென்னாபிரிக்காவுக்கும் நியூசிலாந்துக்கும் போய்வருவார். இவருக்கு ஆங்கிலம் வந்தது அந்தப் பிளாஸ்டிக் கதிரைகளில்தான். அதனால் இன்றைக்கும் பழங்காலத்துச் சொற்கள் சில இவர் வாயில் வரும். வேலைத்தலத்தில் ஒருமுறை மேற்பார்வையாளரிடம், "உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கிறேன், சேர்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

கோடை தொடங்கும்போது ஊர்ச் சரித்திரச் சங்கத்தார் ஓடைக்கரைப் பூங்காவில் ஒரு விழா வைப்பார்கள். கப்டனின் பெயர் பொறித்த சின்னக் கல் ஒன்று அங்கே உண்டு. கொலின் சிவப்புக் கோட்டைப் போட்டு, ஓடையிலிருந்து கல் வரைக்கும் நொண்டி நடந்துவந்து, "நான் கப்டன் ஹென்றி டன்ஸ்பி" என்று தொடங்கித் தன் மூதாதையின் வாழ்க்கையைத் தானே வாழ்ந்தது போலச் சொல்வார். குதிரையிலிருந்து விழும் இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு சொசேஜ் சுடுவார்கள்.

ஒரு விஷயம் மட்டும் இவரை உறுத்திக்கொண்டிருந்தது. மன்னார் வரும்போது கொலின் வேகமாகப் போய்விடுவார். "இரண்டு வருடம் மன்னாரில். வெயில், காய்ச்சல், முத்துக்குளிப்பு. அடுத்து ஆபிரிக்கா." அவ்வளவுதான். நாங்கள் அதை அவருடைய மரியாதை என்று நினைத்தோம். எங்கள் ஊரைப் பற்றி எங்களுக்கு என்ன சொல்வது என்று விட்டுவிடுகிறாராக்கும்.

என் ஊரில் நான் செய்தது

ஒரு காலை கொலின் தோட்டக் குழாயடியில் வழுக்கி விழுந்தார். இவர்தான் முதலில் கண்டார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை, பிறகு நடை பழக்கும் விடுதி. சிட்னியிலிருந்து மகள் ஹெலன் வந்தார். பல் வைத்தியர். ஐம்பதைத் தொடும் வயது. எங்களோடு மரியாதையாகப் பேசுவார், அளவாகப் பேசுவார்.

விழா நெருங்கிவிட்டது. சங்கத் தலைவி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர், இந்த வருடம் கப்டன் வேண்டாம் என்றார்.

"கப்டன் வருவார்" என்றார் கொலின், என் வீட்டுக்காரரைக் காட்டி. "சேவியருக்கு எல்லாம் தெரியும். என்னைவிட நன்றாகச் சொல்வான்."

தலைவி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "சேவியர் நன்றாகச் செய்வார்தான். உச்சரிப்புத்தான் சனத்துக்கு விளங்குமோ…"

"கப்டனும் கப்பலில் வந்தவர்தான். அவர் பேசியதும் இங்கே ஒருவருக்கும் விளங்கியிருக்காது."

அப்படித்தான் இவர் கப்டன் ஆனார். அதன் பிறகுதான் உடுப்புக் கம்பிக்குக் கீழே நான் குண்டூசி குத்தியதும், ஷரோன் ரெஜிமென்ட் படிப்பித்ததும்.

அடுத்த நாள் சொதியும் இடியப்பமும் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனோம். கொலின் சாப்பிட்டு முடிக்கும் வரை இவர் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"மன்னாரில் கப்டன் என்ன செய்தார்?"

"சொல்லியிருக்கிறேனே. வெயில், காய்ச்சல்…"

"அது காணாது, மிஸ்டர் கொலின். இதுவரை நீங்கள் கப்டன். இப்போது நான். என் ஊரில் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்தானே?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் கொலின் சிரிக்கவில்லை. கையைத் துடைத்தார். யன்னலைப் பார்த்தார்.

"என் தகப்பன் எனக்கு இதை ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்குப் பதினெட்டு வயதில், காரில் போகும்போது. அவருக்கு அவருடைய தகப்பன் ஒரு தடவை" என்று தொடங்கினார்.

முத்துக்குளிப்புக் காலம். சிலாவத்துறைக் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் சனம். கொள்ளை நோய் வந்துவிட்டது. நோய் ஊர்களுக்குள் பரவாமல் இருக்க, கரையிலிருந்து ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று மேலிடத்துக் கட்டளை. உள்நாட்டுக்குப் போகும் பாதையை மறிக்கும் பொறுப்பு இளம் டன்ஸ்பிக்கு. சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. நோயில்லாதவர்களும் வந்தார்கள். கும்பிட்டார்கள். அவர் ஒருவரையும் விடவில்லை. எல்லோரையும் கரைக்கே திருப்பி அனுப்பினார். நாள் கணக்காக. திரும்பிப் போனவர்களில் கனபேர் அந்த மணலிலேயே முடிந்துபோனார்கள். கட்டளையைச் சரியாக நிறைவேற்றினார் என்று மேலிடம் மெச்சியது. அதுதான் அவர் கப்டன் ஆன விதம்.

"அவர் வருத்தப்பட்டாரா?" நான்தான் கேட்டேன்.

"அது கதையில் இல்லை, ரீற்றா. வயதான காலத்தில் மூத்த மகனைக் கூப்பிட்டு இதைச் சொல்லியிருக்கிறார். நீ உன் மகனுக்குச் சொல்லு என்றிருக்கிறார். அவ்வளவுதான்."

இவர் எழும்பினார். சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "போட்டு வாறம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தார்.

கோட்டு தொங்கிய நாட்கள்

இவருடைய சின்ன வயதில், எங்கள் நாட்டுச் சண்டைக் காலத்தில், இவரும் தாயும் தம்பியும் ஒரு பாதையில் மறிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். தம்பிக்கு அப்போது காய்ச்சல். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருந்தது. தம்பி தப்பவில்லை. இதற்கு மேல் இவர் எனக்கும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கியது. இவர் அதைப் பார்க்காமல் வேலைக்குப் போனார், பார்க்காமல் வந்தார். ஷரோன் ஒத்திகைக்குக் கூப்பிட்டாள். "பிறகு பாப்பம் பிள்ளை" என்றார். விடுதிக்குப் போகவில்லை. கொலின் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அவனைக் கட்டாயப்படுத்தாதே. கப்டனுக்குச் சுகமில்லை என்று நான் சொல்லிவிடுகிறேன்" என்றார். அவருடைய குரல் சுருங்கிப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை, வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இவர் பேசினார்.

"ரீற்றா, செய்தவனே தன்ர வாயால சொல்லியிருக்கிறான் பாரும்."

நான் அடுப்பைக் குறைத்தேன்.

"எங்களைத் திருப்பினவனும் இப்ப கிழவனாயிருப்பான். எங்கயாவது கதிரையில இருப்பான். அவன் தன்ர பிள்ளையளுக்குச் சொல்லியிருப்பானோ?"

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு எழும்பி, கோட்டை எடுத்துத் தட்டினார்.

"குண்டூசியைக் கழட்டிப்போட்டுத் தைச்சு விடும். நான் நடக்கிறன்."

அன்று பின்னேரமே விடுதிக்குப் போனார். "இந்த வருடம் கப்டன் மன்னாரைத் தாண்டி ஓட மாட்டார்" என்று கொலினிடம் சொன்னாராம். கொலின் இவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாராம். "நான் பதினெட்டு வயதிலிருந்து ஓடுகிறேன், நண்பா" என்றாராம்.

சிரிப்பு வராத இடம்

விழா நாள் நல்ல வெயில். கல்லைச் சுற்றிச் சனம் பாய்களிலும் மடக்குக் கதிரைகளிலும் இருந்தது. ஹெலன் தகப்பனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன் வரிசையில் விட்டார். நானும் ஷரோனும் ஒரு மரத்தடியில் நின்றோம்.

ஓடைப் பக்கமிருந்து இவர் வந்தார். சிவப்புக் கோட்டு, கறுப்புக் காற்சட்டை, நொண்டி நடை. எங்கோ ஒரு பிள்ளை கைதட்டியது. எனக்கு முதலில் வந்தது பெருமை. அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது.

மழை ஊர் வந்தது, கப்பல் வந்தது, கண்டிக் காய்ச்சல் வந்தது. ஆங்கிலம் எனக்கே விளங்கும்படி நிதானமாக வந்தது. பிறகு நின்றார்.

"அடுத்து என்னை மன்னாருக்கு அனுப்பினார்கள்."

அந்தக் கதையைச் சின்னச் சின்ன வசனங்களில், கப்டனாகவே சொன்னார்: நான் பாதையில் நின்றேன். பிள்ளைகளோடு வந்தார்கள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தது. நான் கையைக் காட்டினேன், திரும்பிப் போ என்று. போனார்கள். அடுத்த நாளும் வந்தார்கள். அடுத்த நாளும் கையைக் காட்டினேன். அதற்காக என்னைக் கப்டன் ஆக்கினார்கள்.

சொல்லும்போது கையை நீட்டிக் காட்டினார். கோட்டின் கை நீளமாக இருந்ததால் விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன.

பிறகு தென்னாபிரிக்கா. குதிரை விழும் இடம் வந்தது. வழக்கமாகச் சனம் சிரிக்கும் இடம். கொலினைப் போலவே இவரும் சிரிப்புக்காகக் கொஞ்சம் நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. காகங்கள் மட்டும் கத்தின. இவர் அந்த அமைதியைத் தாண்டி நியூசிலாந்துக்குப் போய், மெல்பேர்னுக்கு வந்து, ஆப்பிள் நட்டு, செத்துப்போனார்.

கைதட்டல் அங்கொன்று இங்கொன்றாக வந்தது. ஒரு கிழவர் எழும்பி நின்று தட்டினார். ஒரு குடும்பம் பாயைச் சுருட்டியது. தலைவி ஒலிவாங்கியை வாங்கி நன்றி சொல்லி, சொசேஜ் தயார் என்றார். அடுத்த வருடத்திலிருந்து அந்த விழாவில் கப்டன் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஹெலனின் முகம் சிவந்திருந்தது. சக்கர நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"இது உண்மையா, அப்பா?"

"உண்மை."

"எனக்கு நீங்கள் சொல்லவே இல்லையே. அவருக்கு மட்டும் ஏன் சொன்னீர்கள்?"

கொலின் மகளைப் பார்த்தார். "அவன் கேட்டான்" என்றார்.

ஹெலன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு புல்லுக்கு மேலால் காரை நோக்கிப் போனார். புல்லில் சக்கரம் புதைந்தது. உதவ ஓடிய இவரைக் கையால் தடுத்துவிட்டுத் தானே தள்ளினார்.

வீடு மாறினோம்

அடுத்த கிழமை ஹெலன் எங்கள் குசினிக்கு வந்தார். வீட்டை விட்டு எழும்பச் சொல்லத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும். அதுதான் நடந்தது. கொலினால் இனித் தனியே இருக்க முடியாது. சிட்னியில் தன் வீட்டுக்குக் கிட்டே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் எடுத்திருப்பதாகவும், வளவை விற்கப்போவதாகவும் சொன்னார். "விழாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றார். பிறகு, "எனக்குக் கோபம் இல்லையென்று சொல்ல மாட்டேன்" என்றார். நேர்மையான மனுசி.

நாங்கள் மெல்பேர்னின் மேற்குப் பக்கத்து டார்னெய்டுக்கு மாறினோம். கொலின் போகும் நாளில் இவரைக் கட்டிப்பிடித்து, "கப்டன், உமது படையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்" என்றார். படை என்றது என்னையும் ஷரோனையும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பார்கள். அங்கே சொதி தருகிறார்கள் இல்லையாம். முறைப்பாடு எல்லாம் எங்களிடம்தான்.

ஒரு குளிர்காலத்தில் ஹெலன் தொலைபேசி எடுத்தார். கொலின் நித்திரையிலேயே போய்விட்டார்.

சிட்னியில், டூங்கபியில் என் மச்சாள் வீட்டில் தங்கி அடக்கத்துக்குப் போனோம். சின்னக் கூட்டம். கோவிலுக்கு வெளியே ஹெலன் எங்களிடம் வந்தார். அளவாகப் பேசுகிற அந்த மனுசி இவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி மாதங்களில் அப்பாவிடம் நான் எல்லாம் கேட்டேன்" என்றார். "ஒவ்வொரு பின்னேரமும் போய்க் கேட்டேன். அவர் என் அம்மாவைப் பற்றி, என் பாட்டியைப் பற்றி, தான் பயந்த விஷயங்களைப் பற்றி எல்லாம் சொன்னார். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் எனக்குக் கேட்கத் தோன்றியிருக்காது."

இவர் தலையை ஆட்டினார்.

"அந்தப் பாதை இப்போதும் இருக்கிறதா?" என்று ஹெலன் கேட்டார்.

டார்னெய்டில் ஒரு பின்னேரம்

எங்களுடைய விசா இன்றுவரை தற்காலிகம்தான். அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. போனால் திரும்பி வர முடியாது. இவருடைய மூத்த அக்கா பிலோமினா சிலாவத்துறைப் பக்கத்தில்தான் இன்னும் இருக்கிறார். அவரை இவர் நேரில் கண்டு ஷரோனின் வயதளவு காலம் ஆகிறது.

ஹெலன் போனார். தனியாகத்தான் போனார். கொழும்பிலிருந்து வான் பிடித்து மன்னார் வரை போய், இவர் சொன்ன சந்தியில் அக்காவைச் சந்தித்து, இரண்டு பேருமாக அந்தப் பாதைக்குப் போனார்கள். அங்கிருந்து எங்களுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார்.

இங்கே பின்னேரம். இவர் வேலை உடுப்போடு முற்றத்தில் நின்றார். நான் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். முதலில் வெறும் வெளிச்சம்தான். பிறகு செம்மண், உடை மரங்கள், இரண்டு ஆடுகள். குடை பிடித்தபடி அக்கா. நரைத்துப் போயிருந்தார். நான் தொலைபேசிக்கு அடியில் என் கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"எந்த இடம், சேவியர்?" ஹெலனின் குரல்.

"தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. கரையிலிருந்து உள்ளே போக அந்தக் காலத்தில் ஒரு பாதைதான். நீங்கள் நிற்கிற இடமாகவும் இருக்கலாம்."

படம் கீழே இறங்கி ஹெலனின் வெள்ளைச் சப்பாத்தையும் மண்ணையும் காட்டியபடி கனநேரம் நின்றது.

அக்கா கிட்ட வருவது கேட்டது. "வாங்கோ பிள்ளை, வெய்யிலுக்க நிக்காதேங்கோ. வீட்டை வாங்கோ. மீன் வாங்கி வச்சிருக்கிறன். சாப்பிடாமப் போகேலாது."

"அவர் என்ன சொல்கிறார்?"

இவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "வீட்டுக்குள்ளே வரச் சொல்கிறார். சாப்பிடாமல் உங்களை விடமாட்டாராம்."

படம் ஆடியது. வானம் தெரிந்தது, மரம் தெரிந்தது. யாரோ விசும்புகிற சத்தம். பிறகு தொலைபேசி கைமாறி, அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது. பயந்துபோயிருந்தார்.

"தம்பி, இந்தப் பிள்ளை ஏன் அழுகுது? நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லையே?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"நீங்கள் ஒரு பிழையும் சொல்லேல்ல அக்கா. பழக்கமில்லாத வெய்யில்தானே. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கொண்டு போங்கோ."